தாமரைக்கோழிக் கூடு

என் அம்மாவுக்கு,

நேற்று எங்கள் தன்னார்வக் குழு குளத்தில் ஆகாயத்தாமரையை அகற்றியபோது, கரைக்கு இழுத்த செடித்திட்டின் மேல் தாமரைக்கோழியின் முட்டைகள் இருந்தன. "ஏட்டி, கூட்டையும் சேத்துல்லா இழுத்துட்டோம்!" என்று ஷெர்லி அலறினாள். திட்டைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, கரையில் ஒதுங்கிக் காத்திருந்தோம்.

அந்தப் பறவையில் தாய் முட்டையிட்டுவிட்டு வேறிடம் போய்விடும். அடைகாத்து வளர்ப்பது தகப்பன்தான். அது வராவிட்டால் முட்டைகள் வீணாகிவிடும்.

வெயில் ஏறிய பிறகு அது வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்களோடு வேலைசெய்த அப்பா, "எனக்க இனம்லா, வராம போவுமா?" என்று சிரித்தார்.

என்னை அவரிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனதை நினைத்து இனி போனில் அழாதே, அம்மா. நான் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறேன்.

உன் மகள்