மூன்று வெப்ப அளவுகளும் ஒரு மாமனாரும்

10-5-2004, திங்கள்
கத்திரி வெயில். ஒன்பது மணிக்கே தரை சுடுகிறது. சேத்துப்பட்டிலிருந்து ஒரு கல்யாணப் புடவை ஆர்டர். முந்தானை டிசைனை வெள்ளிக்குள் கம்ப்யூட்டரில் முடிக்க வேண்டும். புது மிஷின் கேட்டேன். மாமனார்: “இருக்கிறதையே கொஞ்சம் ஜல்தியா ஓடச் சொல்லுங்க மாப்ள.”

சொன்னேன். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் போய் ப்ராசஸரின் வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் மிஷின் தானாக ஓடும் ஆறு மணி நேர வேலை இப்போது நாலரையில். அது வெந்துபோகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பக்கத்து நாற்காலியில் நான்.

கம்ப்யூட்டர் இருப்பது தறிக்கூடத்தில். மின்விசிறி கூடாது; காற்றுப் பட்டால் தறியில் இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு உலர்ந்து இழை அறும். மனிதர்கள் உலரலாம்.

வியாழன் 11 மணி, செய்யாறு கம்பெனியில் இன்டர்வியூ. மனைவி மலருக்கு மட்டும் தெரியும். வேலை கிடைத்தால் அங்கேயே வாடகை வீடு. வீட்டோடு மாப்பிள்ளைப் பதவியிலிருந்து ஆறு வருடத்துக்குப் பின் ராஜினாமா.

11-5, செவ்வாய்
நான் இல்லாதபோது மிஷினின் சூட்டை அளந்து காவல் காக்க மென்பொருள் தேவை. பிரவுசிங் சென்டரிலிருந்து மூன்று, பிளாப்பியில்.

மெ.1: 46 டிகிரி.
மெ.2: 71.
மெ.3: மைனஸ் 12. பொறாமையில் அழித்துவிட்டேன்.

ஒரே மிஷின், ஒரே நிமிடம். பெட்டியைத் திறந்து உள்ளே தொட்டுப் பார்த்தேன். விரல் 71-க்கு ஓட்டுப் போட்டது.

மாமனார் எட்டிப் பார்த்தார். “எது கம்மியா காட்டுது? அதையே வெச்சுக்குங்க. இன்னாத்துக்கு பேஜாரு?” பல அரசாங்கங்களின் கொள்கை.

மெ.2-ஐ வைத்துக்கொண்டேன். 75-ஐத் தாண்டினால் அலறும்.

12-5, புதன்
அலறியது. மதியத்துக்குள் நான்கு முறை. ஒன்று நான் குளிக்கும்போது. மாமியார் கதவைத் தட்டி, “மாப்ள, கத்துதுங்க!” தறியிலிருந்து நெசவாளி ஏழுமலை: “குழந்தைக்குப் பசி சார். அப்படியே பொட்டியத் திருப்பி வையுங்க, அனல் பாவுல அடிச்சிகினே கீது.”

திருப்பினேன். அனல் இப்போது என் முழங்காலுக்கு.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கத்தான் இந்த மென்பொருள். முன்பு நான் மிஷினைப் பார்த்துக்கொண்டேன். இப்போது வீடே என்னைப் பார்த்துக்கொள்கிறது.

வேகத்தைக் குறைக்கலாம். குறைத்தால் வெள்ளிக்கு முடியாது. மலர்: “நாளைக்கு அது கத்துனா நீங்க போக மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?”

13-5, வியாழன்
வெள்ளைச் சட்டை. சான்றிதழ்கள் துணிப்பைக்கு அடியில். வீட்டில் சொன்ன காரணம்: ப்ராசஸருக்குச் சூடு தணியத் தடவும் பேஸ்ட் செய்யாறில்தான் கிடைக்கும்.

8.40, அலறல். அலாரம் அளவை 120-க்கு மாற்றினேன். அமைதி. திரையில் 78. எரிந்தால் எரியட்டும். நடந்துவிட்டேன்.

9.10 பஸ். மூன்றாவது சீட்டில் மாமனார், பக்கத்து இடத்தில் துண்டு போட்டு. “வாங்க மாப்ள. உங்களுக்கு பேரம் பேசத் தெரியாது. அதான் மிஷினு சத்தமில்லாம சமத்தா ஓடிகினு கீதே, நானும் கிளம்பிட்டேன்.”

11 மணி: பேஸ்ட் கடை. இரண்டு ரூபாய் குறைத்துவிட்டார்.

மாலை வீடு. டிசைன் முடிந்திருந்தது. 79 டிகிரி, மிஷினுக்கு ஒரு கீறல் இல்லை. மலர் பையை வாங்கினாள், அடியில் தொட்டுப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மாமனாருக்கு ஏக சந்தோஷம். “பாத்தீங்களா? நீங்க பக்கத்துல இல்லன்னாலும் ஓடுது. இனிமே எங்க போறதுனாலும் ரெண்டு பேரும் சேர்ந்தே போய் வரலாம்.”