ஸ்பேர் வண்டி

மார்ச் 3, செவ்வாய்

காலை மாத்திரை போட்டாச்சு. ஒன்று நெஞ்சுத் துடிப்பை அடக்க, ஒன்று பதற்றத்துக்கு. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இவர் வாசலிலிருந்து கேட்கிறார், "போட்டியா?" போட்டேன். "ரெண்டுமா?" ரெண்டும்தான்! பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி கிளம்பியது, எது கிளம்பவில்லை என்று கேட்டுக் கேட்டே பழகிய வாய். வீட்டில் இவருக்கு இருக்கிற ஒரே வண்டி நான்.

அடுத்த மாத மருந்துச் சீட்டுக்கு இனி நானே கிளினிக்கில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். "உனக்கு எதுக்கு அந்த டென்ஷன்?" என்றார். நான் சமையலறையில் மயங்கி விழுந்து நாலு மாதமாகிறது. இன்னும் எத்தனை நாள்தான் என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குவார்? என் மாத்திரையை நான் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு எதைப் பார்த்துக்கொள்வேன்?

மார்ச் 6, வெள்ளி

கண்ணாடிக்கடையில் முதலாளியம்மா மறுபடி என்னை ஃப்ரேம் மேஜையில் உட்காரவைத்தார். மூக்குக்கண்ணாடித் திருகு எள்ளைவிடச் சின்னது. கை நடுங்கவில்லை. மயங்கி விழுந்த பிறகு பில் போட மட்டும் விட்டுவைத்திருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பரவால்லயே, பழைய கை வந்துடுச்சே" என்றார். வருகிற வழியில் கிளினிக்கில் மாத்திரைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். நானே!

மார்ச் 12, வியாழன்

மருந்துக்கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "கிளினிக்லயே நிறுத்தி வெச்சிருக்காங்கம்மா. காரணம் அங்கதான் கேக்கணும்."

டப்பாவில் நாளைக்கு மட்டும்தான் இருக்கிறது. சனி, ஞாயிறு கிளினிக் கிடையாது. திடீரென்று நிறுத்தவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நெஞ்சு இப்பவே தடதடங்குது. மாத்திரை இன்னும் இருக்கே, அப்புறம் எதுக்கு அடிச்சுக்குது? பயந்துதானே?

இவரிடம் சொன்னதும் முகம் தொங்கிவிட்டது. நான் கேட்டது தெரிந்தும் இவரும் போனில், கிளினிக் ஆப் வழியாக, அதே மாத்திரைக்கு ஒரு தடவை கேட்டிருக்கிறார். "ஸ்பேர் வண்டின்னு ஒண்ணு கையில இல்லாம ஒரு ரூட்டுக்கும் பஸ் விட மாட்டோம். அந்தப் பழக்கத்துல..." என்று இழுத்தார். ஒரே மாதத்துக்கு இரண்டு பேர் கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் அள்ளி அள்ளி விழுங்குகிறேன் என்றுதான். கத்திவிட்டேன். நான் என்ன ரூட்டா?

மார்ச் 13, வெள்ளி

மதியம் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். இவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

கவுண்டர் பெண் திரையைப் பார்த்தபடியே, "பிளாக் ஆயிருக்கும்மா. திங்கட்கிழமை வாங்க" என்றாள். நடந்ததைச் சொன்னேன். "அப்போ உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க."

அங்கேதான் சுருக்கென்றது. ஓடிடலாமா? ஓடினா யார் வந்து கேப்பா? மறுபடி இவர்தானே. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திரை சாப்பிடறது நான்மா. என்கிட்டயே பேசுங்க. நாளைக்குக் காலையில எங்கிட்ட மாத்திரை இல்ல. டாக்டரைப் பாக்காம நான் போறதா இல்ல."

குரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கினால் நடுங்கட்டும். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நகரவில்லை. கடைசியில் அவள் எழுந்து உள்ளே போனாள்.

டாக்டர் கூப்பிட்டு, நாடி பிடித்து, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டார். நிறுத்தியிருந்த சீட்டைத் திறந்துவிட்டார். "இனிமே ஒருத்தர் மட்டும் கேளுங்க. யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். முடிவு பண்ணித்தானே வந்தேன்! வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மார்ச் 14, சனி

இவர் மாத்திரை டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு டெப்போவுக்குப் போனார். நான் ரெண்டையும் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

மார்ச் 17, செவ்வாய்

இவர் போனில் வைத்திருக்கிற என் கிளினிக் ஆப்பின் பாஸ்வேர்டைக் கேட்டேன். சொன்னார். மாற்றிவிட்டேன். "அப்போ நான் ஒண்ணும் கேக்கக் கூடாதா?" என்றார், அடிபட்ட முகத்தோடு. "கேளுங்க. எனக்குப் பதிலா செய்யாதீங்க" என்றேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பாத்திரம் கழுவும்போது கையிலிருந்து மூடி நழுவி விழுந்தது. வேறொன்றுமில்லை. கூடத்திலிருந்து இவர் ஓடி வந்தார், முகம் வெளிறிப்போய். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். கையைப் பிடித்துப் பார்த்தேன். என் நாடிகூட இப்படி ஓடியதில்லை.

"நீ விழுந்த சத்தம் இன்னும் காதுல கேக்குது. டெப்போல ஒரு கதவு அடிச்சாகூட உடம்பு உதறுது" என்றார்.

"எத்தனை நாளா?"

"அன்னையிலேர்ந்துதான். உங்கிட்ட சொன்னா நீ பயப்படுவே."

மனுஷன் நாலு மாசமா தனியா கிடந்து தவிச்சிருக்கார். பக்கத்துல படுத்திருந்த எனக்குத் தெரியல. திட்டறதா, கட்டிக்கறதா? இரண்டையும் செய்தேன்.

"டாக்டர்கிட்ட போலாம்."

"எனக்கு எதுக்கு? ஆம்பளைக்கு..."

"ஏன், ஆம்பளைக்கு நெஞ்சு கிடையாதா?"

குனிந்து மூடியை எடுத்துக் கழுவி வைத்தார். வர மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

"கிளினிக்ல எனக்கு ஒரு நேரம் நீயே கேட்டு வெச்சுடேன்" என்றார், ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல். "உங்க வாயால நீங்களே கேளுங்க" என்று போனைக் கையில் கொடுத்தேன். முறைத்தார். கேட்டார்.

ஏப்ரல் 8, புதன்

டாக்டர் அறையிலிருந்து இவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் நாலு எட்டு போய்த் திரும்பிப் பார்த்தார். "நீயும் வா."

போனேன். மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி, சுவரோரம் ஒரு நாற்காலி. "கூட வந்தவங்க அங்க உக்காருங்க" என்றார் நர்ஸ். இவர் எனக்குத் துணைக்கு வந்துவந்து பழகிய தோஷத்தில் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். தோளைத் தொட்டு எழுப்பி, டாக்டர் எதிரே உட்காரவைத்துவிட்டு, சுவரோர நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.