இரண்டு பாதியாக மேடேறிய மரரயில்

என் பிரியமானவளே,

கோணல்மாணலான எழுத்தைப் பொறுத்துக்கொள். ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போடுவதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆஸ்பத்திரி நர்ஸிடம் படிக்கக் கொடுக்காதே, நீயே படி.

நேற்று நம் மகள் ஐனோ, காட்டில் வெட்டிய மரத்தை ஏற்றிப்போகும் மரரயிலை முதன்முறையாகத் தனியாக ஓட்டினாள். மரம் பொழுது சாய்வதற்குள் ஆலைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று ஆலைக்காரர் சொல்லியிருந்தார். மழையில் மேப்பிள் இலைகள் தண்டவாளம் முழுக்க ஒட்டிக்கிடந்தன. சக்கரம் வழுக்கும் என்று மேட்டின் அடியிலேயே வண்டியை நிறுத்திவிட்டாள்.

பிரேக்மேன் டோய்வோ சும்மா இருப்பானா? "உங்கப்பன் இந்த மேட்டை ஒரே மூச்சுல ஏத்துவான், பொண்ணே!"

"அப்பாவுக்கு முன்னால, சக்கரம் வழுக்காம தண்டவாளத்துல மணல் போட ரெண்டு பேர் நடந்தாங்க, மாமா. நீங்க நடக்கறீங்களா? இல்லேன்னா பின்பாதியைக் கழட்டிட்டுக் கைபிரேக்கை நல்லா இறுக்குங்க."

முன்பாதியை உச்சியில் விட்டுவிட்டு, எஞ்சினோடு திரும்பிவந்து பின்பாதியையும் ஏற்றினாள். சக்கரம் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மரம் ஆலைக்குப் போய்விட்டது.

"உன்னைவிட நல்லா ஓட்டறாடா, கிழவா" என்றான் டோய்வோ, ஆலையில் என்னைப் பார்த்ததும்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு.

உச்சியில் அவள் எஞ்சின் ஊதலை நீளமாக இழுத்தாளாம். "அம்மாவுக்கு" என்றாள். அவ்வளவு காட்டைத் தாண்டி உன் ஜன்னலுக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த வாரமும் எழுதுவேன், இன்னும் பெரிய எழுத்தில், நீ படுத்தபடியே படிக்கும்படி.

உன் கிழவன்