காதில் விழாதவரை

அண்ணா,

இன்று காலை அண்ணி மார்சிலிங்கிலிருந்து வந்து, ஒரு பட்டுத்துணி முடிச்சை என் கையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே, தைப்பூசத்தன்று நீ நாக்கில் குத்திக்கொள்ளும் வெள்ளி வேல். எலுமிச்சையும் திருநீறும் கலந்த வாசம் இன்னும் போகவில்லை. புனிதமான பொருள், சாமி மேடையில் வை என்றார். நீ கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவரிடம் என்னத்தைச் சொல்ல? வாங்கிக்கொண்டேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வருஷம், அவர் பிழைக்க வேண்டுமென்றுதான் காவடி நேர்ந்தாய். அதை நான் மறுக்கவில்லை. தரையில் படுக்கை, தனித் தட்டு, உன் மகள் கட்டிக்கொள்ள ஓடிவந்தால்கூடக் கையை நீட்டித் தடுப்பாய். ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் ஒருமுறையும் வரவில்லை. தைப்பூசம் நெருங்கும் நேரத்தில் டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று தெரிந்ததும் எனக்குப் போன் செய்தாய்.

"சாவுச் சேதி காதுல விழுந்தாத்தான் தீட்டு. நான் போனை ஆஃப் பண்ணிடறேன். இல்லன்னா இத்தனை நாள் விரதமும் வேஸ்ட் லா."

யாருக்காக அந்த விரதம் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாய். எங்கே தங்கியிருக்கிறாய் என்று அண்ணிக்கும் சொல்லவில்லை.

அம்மா என் போனை வாங்கி உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதிவுசெய்த பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். பாதி நினைவில் இருந்த அம்மா அந்தக் குரலிடமே பேசினார். "அவன்கிட்ட சொல்லும்மா, நான் கோவிச்சுக்கலைன்னு." தைப்பூசத்துக்கு முதல் நாள் மாலை போய்விட்டார்.

மறுநாள் உன்னைத் தேடிச் சிராங்கூன் சாலைக்கு வந்தேன். எனக்குத் தீட்டு என்பதால் காவடிகள் புறப்படும் கோயிலுக்கு எதிர்ப்புறம் நின்றேன். நாக்கில் வேலும் தோளில் காவடியுமாக நீ வெளியே வந்தாய். சனம் உன் காலில் விழுந்தது. நீ என்னைப் பார்த்தாய். அழுது வீங்கிய முகம், வாராத தலை, முதல் நாள் கட்டிய புடவை. உனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணா. நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று என் வாயையே பார்த்தாய். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு ஆடத் தொடங்கினாய். நான் சொல்லவில்லை. உன் சாமிக்குப் பயந்து அல்ல. அம்மாவின் பேரை அந்த முகத்திடம் சொல்லப் பிடிக்கவில்லை.

புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, ஐஸ் பெட்டியில் அம்மா உனக்காகக் கிடந்தார். காவடியை இறக்கிவிட்டுப் போனைத் திறந்து, அப்போதுதான் கேள்விப்பட்டவனாக அலறிக்கொண்டு வந்தாய். வாயெல்லாம் திருநீறோடு நீ கொள்ளி வைத்ததைப் பார்த்து, இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள்.

போன மாதம் உனக்கு முடியாமல் போனபோது என்னைக் கூப்பிட்டாய். முதல் மணியிலேயே எடுத்தேன். மன்னித்துவிட்டேனா என்று கேட்டாய்.

"அம்மாவைத்தான் கேக்கணும்."

நாம் கடைசியாகப் பேசியது அதுதான். இதமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். சொல்லாததில் எனக்கு வருத்தமில்லை.

உன் வேல் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு கிடக்கிறது. சாமி மேடையில் அம்மாவின் படம், விளக்கு, பக்கத்தில் என் போன். குளிக்கப் போனாலும் மணி கேட்கட்டும் என்று கதவை ஒருக்களித்தே வைக்கிறேன். தெரியாத எண்ணாக இருந்தாலும் எடுத்துவிடுகிறேன். நான் இருக்கும் விரதம் அது ஒன்றுதான்.