மாஸ்டர் வரமாட்டார்

முவைலா, ஷார்ஜா
25.09.2004

அன்பு மகள் லக்சிகா அறிவது,

இங்கு நான் சுகம். உன் சுகத்துக்கும் அம்மாவின் முழங்கால் நோவுக்கும் நல்லூரானைத் தினமும் மன்றாடுகிறேன். நீ ஆளிடம் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் வந்து சேர்ந்தன, என் ரூமில் இருக்கிற மாயாண்டி, மதுரைப் பக்கத்து ஆள், ஒரு கொடியலைக் கடித்துவிட்டு, இது பனங்கிழங்கா கல்லா என்று கேட்டுப் பல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான், இந்தக் கிழமை நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

பிள்ளை, இது அம்மாவுக்கு எழுத வேண்டிய கடிதம், கை வரவில்லை, உனக்கு எழுதுகிறேன். தைப்பொங்கலுக்கு நான் வரப்போவதில்லை. கல்லூரி உதைபந்தாட்ட அணிக்கு என்னைத் திரும்பவும் கோச்சாகக் கூப்பிடப் போவதாக அதிபர் உங்களிடம் சொன்னார் அல்லவா, அவர் எனக்கு நேரே எழுதவில்லை, வழக்கம்போல இங்குள்ள பழைய மாணவர் சங்கத்துக்குத்தான் எழுதினார், மாஸ்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று. அதிலிருந்து நாலு வெள்ளிக்கிழமை ரோலாவில் மலையாளியின் தேத்தண்ணிக் கடையில் ஒரே வாக்குவாதம். செயலாளர் நாகலிங்கம், அந்த நாளில் எங்கள் அணிக்குக் கோல் காத்தவன், அல் குசைஸிலிருந்து பஸ் பிடித்து வந்து மேசையில் அடித்துச் சொல்கிறான், அரபிக்காரரின் கிளப்பில் புரொபஷனல் கோச்சாக இருக்கிறவர் பள்ளிக்கூடப் பெடியளுக்கு விசில் ஊதப் போவாரோ என்று. மற்றப் பக்கம், மாஸ்டருக்குக் கல்லூரி என்றால் உயிர், கட்டாயம் போவார் என்று நிற்கிறது. என்னை நடுவில் இருத்தி வைத்துக்கொண்டே, நான் செத்துப்போன ஆள் மாதிரி என்னைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்.

லக்சிகா, நான் இப்போது கோச் இல்லை. இரண்டு வருஷமாக இல்லை. புதுக் கோச் தன் ஆட்களோடு வந்து இறங்கினார், கபீல், எனக்கு விசா எடுத்துத் தந்த அரபி முதலாளி, என்னைக் கூப்பிட்டு, விசா இருக்கட்டும், ஸ்டோரைப் பார்த்துக்கொள் என்றார். பந்துக்குக் காற்றடிப்பது, ஜேர்சி தோய்த்துக் காயப்போட்டு மடித்து வைப்பது, இதுதான் என் டியூட்டி. கிளப்பில் எல்லோருக்கும் ஒரே டிராக்சூட், கோச்சுக்கும் அதுதான், தோய்க்கிறவனுக்கும் அதுதான். அதைப் போட்டுக்கொண்டுதான் ரோலாவுக்குப் போவேன், நீங்கள் ஹோலில் மாட்டியிருக்கிற படமும் அதோடுதான் எடுத்தேன். போன மாதக் கடைசி வெள்ளி நாகலிங்கம் முகத்துக்கு நேரே கேட்டான், மாஸ்டர் போவியளோ மாட்டியளோ என்று. போவேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் இவ்வளவு பெரிய வேலையை ஏன் விடுகிறியள் என்று கேட்பான், ஸ்டோர் கதையைச் சொல்ல வேண்டி வரும், கடை முழுக்க என்னிடம் பந்தடித்தவர்கள். சிரித்துக்கொண்டு, பாப்பம் என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவர்கள் அதை அடக்கமாக மறுத்ததாக எடுத்துக்கொண்டு, மாஸ்டர் இங்கு பெரிய நிலையில் இருக்கிறார், வரமாட்டார், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பெருமை சேர்க்கிற நினைப்பில்தான் செய்தார்கள், அவர்களைக் கோபிக்க எனக்கு வாயில்லை. நேற்று அதிபரின் பதிலை வாசித்துக் காட்டினார்கள், வேறு ஆளை நியமித்தாயிற்றாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 பாதை திறந்திருக்கிற இந்த நேரத்தில் வந்து சேர்ந்திருக்கலாம், திரும்பப் பூட்டுவார்களோ என்று இங்கும் சனம் பயந்துகொண்டுதான் இருக்கிறது. வாயைத் திறந்திருந்தால் தை மாதம் உங்களோடு இருந்திருப்பேன், அந்த நினைப்பு நித்திரை கொள்ள விடுகுதில்லை. கபீல் இப்போதைக்கு லீவும் தரமாட்டார். அம்மாவிடம் மெல்லச் சொல்லு, சாப்பாட்டுக்கு முன்னம் சொல்லாதே, சாப்பிடாமல் விட்டுவிடுவாள். பொங்கலுக்கு எனக்கென்று எடுத்த வேட்டியைத் திரும்ப மடித்து வைக்கட்டும். ஸ்டோர் விஷயத்தையும் சொல்லு, இனி அவளிடம் நடிக்க ஏலாது. நீ வேலை முடிந்தால் இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடு, சைக்கிளுக்கு லைற் பூட்டு.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடு வாழ அப்பாவின் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே. வருகிற வெள்ளி சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்துகிறது, கல்லூரிப் பெயரை வெளிநாட்டில் காப்பாற்றுகிறேனாம். டிராக்சூட்டோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், படம் எடுத்து உங்களுக்கும் அனுப்புவார்களாம். அது வந்தால் மாட்ட வேண்டாம், பழையதையும் கழற்றிவிடு.

உன் அப்பா,
யோகநாதன்