நாற்பத்து நான்கரை

17 ஜூன் 2025, செவ்வாய்

லேப்பில் பதினாலாம் நம்பர் கம்ப்யூட்டர் இன்று காலை கறுப்பாகிவிட்டது. நடுவில் சிவப்பு எழுத்து: இந்த மென்பொருள் முறையாக வாங்கப்பட்டதல்ல. பிராக்டிகலுக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி, "மேடம், போலீஸ் வருமா?" என்றாள். வராது, நீ போய்ப் பதிமூன்றில் உட்கார் என்றேன். பதினோரு மணிக்குப் பதிமூன்றும் போய்விட்டது.

மத்தியானம் பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார். மேசையில் பல்கலைக்கழகக் கடிதம். எங்கள் கல்லூரியின் பி.காம் சி.ஏ. படிப்புக்கு அனுமதியைப் புதுப்பிக்க ஆகஸ்ட் 12 அன்று குழு வருகிறது. கம்ப்யூட்டரோடு சேர்ந்த பி.காம் என்பதால், லேப்பில் இருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் லைசென்ஸ் காட்ட வேண்டுமாம். இல்லையென்றால் அடுத்த வருஷம் சேர்க்கை கிடையாது.

"லைசென்ஸ் இருக்குல்ல செல்வி?" என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் மேடம் என்று வந்துவிட்டேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. நாற்பது கம்ப்யூட்டரில் ஒன்றுக்குக்கூடக் கிடையாது.

கோர்ஸ் போனால் லேப் எதற்கு. லேப் போனால் லேப் பொறுப்பாளர் சகாயசெல்வி எதற்கு?

18 ஜூன், புதன்

உண்மையை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். 2019இல் சர்வீஸ் செய்ய வரும் விக்னேஷ்குமார் ஒரே ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து நாற்பதிலும் ஏற்றினார். நான் பக்கத்தில் நின்று டீ வாங்கிக் கொடுத்தேன். வேலை நிறைவாக முடிந்தது என்று கையெழுத்தும் போட்டேன். எல்லாக் காலேஜிலும் இப்படித்தான் மேடம் என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

வெட்கமாக இருக்கிறது. 'காப்பி அடிக்கக் கூடாது' என்று லேப் சுவரில் எழுதி ஒட்டியதும் நான்தான்.

23 ஜூன், திங்கள்

மதுரையில் இருக்கிற மென்பொருள் டீலர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பேசியவர் பெயர் மோகன்குமார், ஒட்டன்சத்திரத்துக்காரர். பொறுமையின் சிகரம். நான் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டேன், மூன்று முறையும் புதிதாகக் கேட்பது போலப் பதில் சொன்னார்.

எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு மறந்துவிடும். ஒன்று, மெஷினுக்கு வாங்குவது. நாற்பது மெஷின், நாற்பது லைசென்ஸ். ஒரே தடவை வாங்கினால் நம்முடையது, ஆனால் நான்கைந்து வருஷத்தில் பழசாகிவிடும். சொந்த வீடு மாதிரி, ஒழுகினால் நாம்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று வாடகை வீடு. வருஷா வருஷம் கட்ட வேண்டும், எப்போதும் புதுசு கிடைக்கும். இலவசமாக, முறையாகவே கிடைப்பதும் உண்டு. எழுதவும் அட்டவணை போடவும் அது தாராளமாகப் போதும். ஆனால் எங்கள் பாடத்திட்டம் இரண்டு மென்பொருளைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. அந்த இரண்டும் இலவசம் இல்லை.

கடைசியாகச் சொன்னாரே, அதுதான் எனக்குப் பிடித்தது. அதுவும் வருஷ வாடகைதான், ஆனால் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் உள்ளது. மெஷினை எண்ணுவதில்லை, மாணவிகளையும் எண்ணுவதில்லை. வேலை பார்க்கிறவர்களை மட்டும் எண்ணி அதற்குக் கட்டினால் போதும். மாணவிகள் எத்தனை பேர் இருந்தாலும் கூடவே வந்துவிடுகிறார்கள். வீட்டு லேப்டாப்பிலும் போட்டுக்கொள்ளலாம்.

"எல்லாப் பிள்ளைகளுமா?"

"எல்லாப் பிள்ளைகளுந்தானுங்க மேடம்."

"வீட்டிலயுமா?"

"ஏனுங்க மேடம், சந்தேகமா இருக்குதுங்களா?" என்று சிரித்தார். சந்தேகமாகத்தான் இருந்தது. நல்லது எதுவும் சும்மா வந்து எனக்குப் பழக்கமில்லை.

26 ஜூன், வியாழன்

கரண்ட் இல்லை. லேப் இல்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. நல்ல நாள்.

1 ஜூலை, செவ்வாய்

தாளாளர் கிதர் முகம்மது சார், விலை கேட்டு வாங்கு, பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். தோல் வியாபாரம் செய்கிறவர். அவரிடம் 'பார்ப்போம்' வாங்குவதே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஊழியர் பட்டியலை ஆபீஸ் சூப்பிரண்டு ரஃபி தானே நேராக மோகன்குமாருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள்.

4 ஜூலை, வெள்ளி

விலை வந்தது. தாளாளர் அந்தத் தாளை மேசையில் வைத்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"ஏம்மா செல்வி, இம்புட்டா? கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கா?"

நான் மாணவிகள், வீட்டு லேப்டாப் என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த சி.ஏ. கோர்ஸை விட்ருவோம்மா. சாதா பி.காம் இருக்குல்ல, அது போதும். இருக்கிற பிள்ளைக முடிச்சிட்டுப் போகட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதில் பேசியிருப்பேன். லேப்புக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த லெமன் சாதத்தையும் சாப்பிட்டேன். பசி வேறு, துக்கம் வேறு.

வீட்டில் சேவியரிடம் சொன்னேன். அவருக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. "அந்தத் தாளை நீ படிச்சியா?" என்று கேட்டார். இல்லை. விலையை மட்டும்தான் பார்த்தேன். நானும் தாளாளரும் பில் என்றால் கடைசி வரிக்குப் போகிற ஜாதி.

5 ஜூலை, சனி

படித்தேன். ஊழியர் எண்ணிக்கை: 126.

நூற்று இருபத்தாறா? எங்கள் காலேஜில் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். ஸ்டாஃப் மீட்டிங் என்றால் ஒரே ஒரு ஹாலில் கால் நீட்டி உட்காருகிறோம். அந்த மிச்சப்பேர் எங்கே இருக்கிறார்கள்?

7 ஜூலை, திங்கள்

ரஃபியிடம் அந்தப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். முதல் பக்கம் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒச்சாயி அக்கா. பெருக்குகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. அடுத்தது வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. அடுத்தது டிரான்ஸ்பார்மர் பார்க்க வரும் லைன்மேன். நிறுத்தம் இல்லாத இடத்தில் எங்களுக்காக நிறுத்தும் டவுன் பஸ் கண்டக்டர். காலமாகிவிட்ட தமிழ்ப் பேராசிரியரின் மனைவி. கடைசிப் பக்கத்தில் எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார்.

"ரஃபி சார், இது என்ன லிஸ்ட்டு?"

கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தார். "பிரியாணி லிஸ்ட்டு மேடம்."

நோன்புப் பெருநாளுக்குத் தாளாளர் வீட்டிலிருந்து காலேஜோடு சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் பிரியாணிப் பார்சல் போகும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் ரஃபி தொலைந்தார். அதனால் வருஷா வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரி பார்ப்பார்.

"ஆபீஸ்ல அப்டேட்டா இருக்கிற ஒரே லிஸ்ட்டு இதுதான் மேடம். மத்ததெல்லாம் பழசு."

அதுவும் உண்மைதான். நான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாமியாருக்கும் லைன்மேனுக்கும் சேர்த்து மென்பொருள் வாங்கப் பார்த்திருக்கிறோம். ரஃபியும் சிரித்தார். பிறகு, தாளாளரிடம் யார் சொல்வது என்று நினைத்ததும் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரிப்பை நிறுத்தினோம்.

8 ஜூலை, செவ்வாய்

நான்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சாமியாருக்கு இந்த வருஷம் பார்சல் போச்சுல்ல?" என்று ரஃபியை மட்டும் கேட்டார். பிறகு, சரியாக எண்ணிக் கொண்டு வாங்க என்றார். கோர்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது.

9 ஜூலை, புதன்

ரஃபியும் நானும் வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணினோம். கம்பெனி விதி சுலபம். முழுநேரம் என்றால் ஒன்று. பகுதிநேரம் என்றால் அரை, அதாவது இரண்டு பேர் சேர்ந்து ஒன்று.

முழுநேரம் நாற்பத்தொன்று. பகுதிநேரம் ஆறு, அது மூன்று ஆகிறது. மொத்தம் நாற்பத்து நான்கு. பழைய விலையில் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். ரஃபி கைதட்டினார்.

பகுதிநேரம் ஆறில் ஆறாவது பெயர்: எம். சகாயசெல்வி.

தெரியாததா? பதினோரு வருஷமாக அந்தப் பக்கத்தில்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அட்டவணைக் கட்டத்தில் என் பெயருக்கு நேராக 0.5 என்று நானே டைப் அடித்தபோது என்னவோ செய்தது. காலை ஒன்பதே காலுக்கு லேப்பைத் திறக்கிறேன். சாயங்காலம் நாலே முக்காலுக்குப் பூட்டுகிறேன். இதில் எந்த அரை நான்? இடுப்புக்கு மேலேயா, கீழேயா?

10 ஜூலை, வியாழன்

"ரெக்கார்டுல அப்படித்தானே மேடம் இருக்கு. நான் என்ன செய்ய?" என்றார் ரஃபி. அவர் மேல் தப்பில்லை. இருந்தாலும் சண்டை போட்டேன்.

மோகன்குமாருக்குப் போன் போட்டு, முழுநேரம் என்றால் எப்படிக் கணக்கு என்று கேட்டேன். "ரெஜிஸ்டர்ல எந்தப் பக்கம்னு இல்லீங்க மேடம். எம்புட்டு நேரம் வேலை பாக்கறாங்க, அதானுங்க கணக்கு. தாளாளர் உறுதிமொழி குடுத்துக் கையெழுத்துப் போடணுமுங்க."

மற்ற ஐந்து பேர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போகிறவர்கள். அவர்கள் அரைதான், சரி. நான்?

சாயங்காலம் ரஃபி வந்து ஒரு காகிதக் கட்டை வைத்துவிட்டுப் போனார். விரல் வைக்கிற மெஷினில் ஒரு வருஷமாக நான் வந்த நேரம், போன நேரம். நேற்று போட்ட சண்டைக்கு இன்று மன்னிப்புக் கேட்க வேண்டும். (இல்லை, சண்டையும் இன்றைக்குத்தான். அவ்வளவு குழப்பத்தில் இருக்கிறேன்.)

14 ஜூலை, திங்கள்

சாயங்காலம் அசர் தொழுதுவிட்டுத் தாளாளர் வந்து உட்கார்ந்ததும் படிவத்தை வைத்தேன். முழுநேரம் 42, பகுதிநேரம் 5.

"நாப்பத்தி நாலுன்னுதானே ரஃபி சொன்னான். நாப்பத்தி நாலரைன்னு போட்டிருக்கே? அந்த அரை யாரு?"

"நான்தான் சார்."

"உன்னைப் பகுதிநேரத்துலதானே வச்சிருக்கோம்?"

ரஃபி கொடுத்த கட்டை முன்னால் தள்ளினேன். புரட்டினார். வியாபாரிதானே, உடனே வழி சொன்னார். "அரைன்னே இருக்கட்டும்மா. நாப்பத்தி நாலரைன்னா அவன் நாப்பத்தஞ்சாத்தான் எடுப்பான். ஒண்ணு மிச்சம்ல?"

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அப்ப நாளையிலருந்து மத்தியானம் ஒரு மணிக்குச் சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன் சார். திருட்டு சாஃப்ட்வேர எடுக்கத்தானே இம்புட்டுப் பாடு படுறோம்? அதை வாங்குற தாள்லயும் ஒரு பொய் வேணுமா? பொய்யின்னா நீங்கதான் கையெழுத்துப் போடணும், நான் எழுதித் தர மாட்டேன்."

பேனாவை மூடி வைத்தார். "வச்சிட்டுப் போம்மா" என்றார்.

15 ஜூலை, செவ்வாய்

கூப்பிடவில்லை.

16 ஜூலை, புதன்

கூப்பிடவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியலையே செல்வி உனக்கு. அறுபது பிள்ளைக படிக்கிற கோர்ஸு, அதைப் போய் உன் அரையில கொண்டுபோய்க் கட்டிட்டியே. நாப்பத்தி நாலுன்னு எழுதிக் குடுத்திருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்ல? சேவியரிடம் கேட்டால், "சொன்னது சரிதான், சொன்ன சத்தம்தான் கொஞ்சம் கூட" என்கிறார். என் சத்தத்தைப் பக்கத்தில் இருந்து கேட்டவர் மாதிரி.

21 ஜூலை, திங்கள்

ரஃபி படிவத்தைக் கொண்டுவந்தார். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. முழுநேரம் 42. திருத்தம் இல்லை.

"ஏதாவது சொன்னாரா?"

"'ஒரு அரைக்கு இம்புட்டுப் பேச்சு' அப்படின்னார்."

"கோபமாவா?"

"இல்ல மேடம். டீ குடிச்சுக்கிட்டே."

மெயிலில் அனுப்பிவிட்டு, லேப்பில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினேன். நாற்பது கம்ப்யூட்டரும் சாட்சி.

4 ஆகஸ்ட், திங்கள்

லைசென்ஸ் வந்துவிட்டது. விக்னேஷ்குமார் வந்து நாற்பதிலும் பழையதை அழித்துப் புதியதை ஏற்றினார். தலையைக் குனிந்தபடியே வேலை பார்த்தார். இந்தத் தடவையும் டீ வாங்கிக் கொடுத்தேன், பாவம், அவர் மட்டுமா செய்தார். பதினாலாம் நம்பர் வெளிச்சமாக எழுந்தது. எழுத, அட்டவணை போட முதலாமாண்டுக்கு இலவச மென்பொருளையே வைத்துவிட்டேன். எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

9 ஆகஸ்ட், சனி

இரண்டாமாண்டு ருக்ஸார் போன் செய்தாள். பேகம்பூரில் அவள் வாப்பாவின் கடை லேப்டாப்பில் போட்டுவிட்டாளாம். "மேடம், வேலை செய்யுது. சிவப்பு எழுத்தே வரல." அது இல்லாததைத்தான் முதலில் பார்த்திருக்கிறாள். கடை லேப்டாப்பாக இருந்தாலும் அது உன் படிப்புக்கு மட்டும், கடை வேலைக்கு இல்லை என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. அவள் வாப்பா பக்கத்திலிருந்து, "சரிங்க மேடம், தொட மாட்டேன்" என்றார்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

குழுவில் மூன்று பேர். லைசென்ஸ் ஃபைலை நான்கு நிமிஷம் பார்த்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு மாதம் பட்ட பாட்டுக்கு நான்கு நிமிஷம். ஒருவர் மட்டும், "ஊழியர் எண்ணிக்கை எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டார். விரல் மெஷின் பதிவை வைத்து என்றேன். நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். தாளாளர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

29 ஆகஸ்ட், வெள்ளி

மூன்று வருஷத்துக்கு அனுமதி. பிரின்சிபால் மேடம் லேப்புக்கே வந்து சொன்னார். பெண்கள் மேசையைத் தட்டினார்கள். கீபோர்டை விட்டுவிட்டுத் தட்டுங்கள் என்று கத்தினேன், ஆனால் நானும் தட்டினேன்.

3 செப்டம்பர், புதன்

திங்கட்கிழமை ரஃபி வந்து, "மேடம், டிசம்பருக்குள்ள உங்களுக்கு நாலு நாள் சி.எல். இருக்கு, பாத்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் சொன்னார். பகுதிநேரக்காரர்களுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. வராத நாளுக்குச் சம்பளமும் கிடையாது.

இன்று லீவு போட்டேன். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் நேற்றுக் கொஞ்ச நேரம் யோசித்து, 'சொந்த வேலை' என்று எழுதினேன். தாளாளர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஒன்பதே காலுக்கு முழிப்பு வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.