ரிங்கை யார் திருப்பியது?

வியாழன், இரவு.

கம்பி இழுக்கும் டிசி மோட்டாரில் காலையில் பிரஷ் ஓரமெல்லாம் பொறி பறந்தது. சுழலும் பாகத்தில் உரசி கரண்ட் கொடுக்கும் அந்தக் கார்பன் பிரஷ்களைப் போன வாரம் மாற்றியவள் நான். "ஒழுங்கா உக்கார வெச்சியாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் சூப்பர்வைசர்.

நிறுத்தித் திறந்து பார்த்தேன். பிரஷ்கள் சரியாகத்தான் இருந்தன. அவற்றைத் தாங்கும் ரிங்தான் நான் போட்ட பெயிண்ட் குறியை விட்டு ஒரு விரல் தள்ளியிருந்தது. தானாக நகர்ந்திருந்தால் போல்ட் தளர்ந்திருக்கும். இதுவோ நன்றாக இறுகியிருந்தது. ரிங்கைக் குறிக்குத் திருப்பி ஓட்டினேன். பொறி அடங்கிவிட்டது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில், என்னோடு வேலை செய்யும் நாகராஜிடம், "நேத்து அந்த மோட்டார் மூடிய யாராச்சும் தொறந்தாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"ரிங்க நான் தொடவே இல்லக்கா," என்றான்.

ரிங்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஷிஃப்ட் இன்சார்ஜாக எங்கள் இருவரில் ஒருவரைத்தான் போடுவார்கள். அதற்காகவா? கெலவரப்பள்ளியில் என் மகள் காதுகுத்தில் பந்தி பரிமாறியவன் அவன்.

நாளை, பிரஷ்கள் உரசும் கமுட்டேட்டர் உருளையைத் துடைக்க நான் உள்ளே கை விட வேண்டும். சுவிட்ச் பக்கத்தில் நிற்கப்போவது நாகராஜ். ஃபியூஸைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கை வைப்பேன்.